பத்தியம் சொல்லத் தகுதி யாருக்கு?

ஒருவர் தம் வீட்டு வாயிலில் வைத்தியர் என்று பலகை மாட்ட வேண்டுமானால், சர்வகலாசாலைப் பட்டம் வேண்டும். பதிவேட்டில் பெயரும் வேண்டும். நியாயஸ்தலத்தில் ஒரு கட்சிக்காரனுக்காக எழுந்து நிற்க வேண்டுமானால், அதற்கும் பட்டம் வேண்டும்; பதிவு வேண்டும். ஆனால் நோயாளி ஒருவனை எதிரில் உட்கார வைத்து, "இன்னது உண், இன்னதைத் தள்" என்று சொல்லவும், அதற்குக் கூலி பெறவும், நம் தேசத்தில் 2021-ஆம் ஆண்டு வரையில் சட்டப்படி எந்தத் தகுதியும் தேவைப்படவில்லை. சில வாரத் தபால் பாடம் படித்தவரும், மாவு டப்பா விற்பவரும், ஐந்து ஆண்டு கலாசாலையில் உழைத்தவரும் ஜனங்களிடையே ஒரே பெயரால் உலாவினர். எவர் சொல் மருந்து, எவர் சொல் வியாபாரம் என்று பிரித்தறிய ஏழை நோயாளிக்கு வழியில்லாமல் இருந்தது.

இந்த நிலையை மாற்றும் சட்டம் இப்போது வந்துவிட்டது. ஆகவே, ஆங்கிலத்தில் டயட்டீஷியன் என்று வழங்கப்படும் உணவியல் நிபுணராக ஒருவர் ஆவதற்குச் சர்வகலாசாலையில் எதை எதை முடித்திருக்க வேண்டும் என்ற கேள்வி, கல்வி அதிகாரிகள் தங்கள் அறைக்குள் பேசி முடிக்கும் கேள்வியாக இனி இருக்க முடியாது. அந்த நிபந்தனைகள் எப்படி அமைகின்றனவோ, அப்படியே நாளை நம் வைத்தியசாலைகளில் பத்தியம் சொல்லப்போகிறவர்களும் அமைவார்கள். நிபந்தனை தளர்ந்தால் அரைகுறைகள் நுழைவார்கள். நிபந்தனைக்குப் பணமே திறவுகோலானால் பணக்காரர் வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே நுழைவார்கள். இவ்விரண்டில் எது நேர்ந்தாலும் நஷ்டம் ஏழை ஜனங்களுக்கே.

இது சமையற் கலை அன்று

"சோறு தின்னச் சொல்லித்தரப் பட்டம் எதற்கு?" என்று கேலி செய்வாரும் உளர். அவர்களுக்கு இரண்டொரு உதாரணம் சொல்வோம்.

இளநீரைக் குற்றமற்ற பானம் என்றே நாம் எல்லோரும் நம்புகிறோம். ஆனால் சிறுநீரகம் பழுதுபட்டு முற்றிய நிலையில் உள்ளவனுக்கு அதுவே யமனாகலாம். இளநீரில் உள்ள பொட்டாசியம் என்னும் உப்பை வெளியேற்ற அவன் உடலுக்குச் சக்தி இல்லை. அது இரத்தத்தில் ஏறினால் இருதயத் துடிப்பே நின்றுவிடக்கூடும். அவன் வீட்டில் காய்கறியை நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டிவிட்டே சமைக்க வேண்டும். மற்றவர்களுக்குச் "சத்து வீணாகிறது" என்று எந்தப் பழக்கத்தைக் கண்டிக்கிறோமோ, அதே பழக்கம் அவனுக்கு உயிர்காப்பு. ஒருவனுக்கு மருந்தானது இன்னொருவனுக்கு நஞ்சாகும் இடம் இது.

பல நாள் பட்டினி கிடந்தவனைப் பார்த்து மனம் இரங்கி, ஒரேயடியாக வயிறு நிறையச் சோறு போடுவது தர்மம் என்று நினைக்கிறோம். அப்படிச் செய்தால் அவன் இரத்தத்தில் பாஸ்பேட் என்னும் தாது சட்டென்று தாழ்ந்து, இருதயமும் மூச்சும் தளர்ந்து, உணவு உண்டதனாலேயே உயிர் போகலாம். கொஞ்சம் கொஞ்சமாக, அளந்து, கவனித்து ஏற்ற வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்ளும் சிறுவனுக்குச் சோற்றின் அளவும் மருந்தின் அளவும் ஒன்றுக்கொன்று இசைய வேண்டும். வாயால் உண்ண முடியாதவனுக்குக் குழாய் வழியே என்ன செலுத்துவது, எவ்வளவு செலுத்துவது என்பதற்குக் கணக்கு உண்டு. இவை பாட்டி வைத்தியத்தாலும் பத்திரிகைக் குறிப்புகளாலும் தீராத காரியங்கள்.

வள்ளுவர் "மருந்து" என்று தலைப்பிட்ட அதிகாரத்தின் பெரும்பகுதி உண்ணும் முறையைப் பற்றியதே என்பதைத் தமிழர்க்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. உணவே மருந்தின் முதற்பாதி என்ற எண்ணம் நமக்குப் புதிதன்று. புதிதாக வேண்டுவது அந்த எண்ணத்துக்கு ஏற்ற பயிற்சியும் பொறுப்பும்.

தேவை எவ்வளவு பெரிது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர்கள். முன்னேறிய மாநிலம் என்று நாம் பெருமை பேசும் தமிழ்நாட்டிலும் அந்தக் கணக்கு 53-க்குக் குறையவில்லை. இங்கே ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லாதது. மறுபுறம், 2023-இல் வெளியான இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு, தேசத்தில் நீரிழிவு உடையோர் சுமார் 10 கோடி என்று மதிப்பிட்டது. ஒரே தெருவில், ஒரு வீட்டில் சத்துக் குறைவும் அடுத்த வீட்டில் சர்க்கரை வியாதியும் குடியிருக்கின்றன. பல வேளைகளில் இரண்டும் ஒரே வீட்டில், ஒரே தாயின் உடலிலேயே குடியிருக்கின்றன.

அமெரிக்காவின் ஏணி

இத்தொழிலைச் சட்டதிட்டங்களுக்கு உட்படுத்தியதில் முன் நின்ற தேசம் அமெரிக்கா. 1917-இல், முதல் உலக யுத்த காலத்தில், கிளீவ்லாந்து நகரில் லீனா கூப்பர், லூலு கிரேவ்ஸ் முதலிய பெண்மணிகள் கூடி அமெரிக்க உணவியற் சங்கத்தை ஸ்தாபித்தனர். அங்கே காலப்போக்கில் ஏற்பட்ட முறை இது: அங்கீகாரம் பெற்ற சர்வகலாசாலையில் இரசாயனம், உடலியல், உணவியல் முதலிய பாடங்களைக் குறித்த தரத்தில் தேற வேண்டும். தேறியதற்குப் பட்டம் மட்டும் போதாது. இன்னின்ன பாடங்களைச் செவ்வனே முடித்தார் என்று பாடத்திட்டத் தலைவர் கையெழுத்திடும் தனிப் பத்திரம் வேண்டும். பிறகு தேர்ந்தவர் மேற்பார்வையில் வைத்தியசாலைகளிலும் சமூக நிலையங்களிலும் சமையற்கூடங்களிலும் குறைந்தது 1000 மணி நேரம் நேர்முகப் பயிற்சி வேண்டும். இவ்வளவும் முடிந்த பின்னரே தேசிய பரீட்சை எழுதலாம்.

இந்த ஏணியில் நாம் மெச்சத்தக்கது, புத்தகப் படிப்பு எவ்வளவு உயர்ந்ததானாலும் கைப்பயிற்சி இல்லாமல் பரீட்சை மண்டபத்துக்குள் விடமாட்டோம் என்ற உறுதி. நாம் அஞ்சத்தக்கதும் இதிலேயே இருக்கிறது. அந்தப் பயிற்சிக் காலத்தில் பெரும்பாலோருக்குச் சம்பளம் இல்லை. சம்பளம் இல்லாதது மட்டுமன்று. பயிற்சி பெறுவதற்கு மாணவரே கட்டணம் கட்ட வேண்டிய இடங்களும் பல. பயிற்சி இடங்களும் போதவில்லை. பட்டமும் பத்திரமும் கையில் வைத்திருந்தும், விண்ணப்பித்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் இடமின்றித் திரும்பிய காலம் ஒன்று அங்கே நெடுநாள் இருந்தது. இவ்வளவு போதாதென்று, 2024 ஜனவரி 1 முதல், பரீட்சை எழுத மேற்பட்டமும் வேண்டும் என்று நிபந்தனை உயர்த்தப்பட்டது. ஏணியின் ஒவ்வொரு படிக்கும் விலை உண்டு. விலை ஏற ஏற, ஏறுவோர் எந்த வகுப்பினராக இருப்பார்கள் என்பதை யூகிக்கச் சோதிடம் தேவையில்லை.

இதற்கு மாறாகப் பிரிட்டனைப் பாருங்கள். அங்கேயும் இத்தொழிற்பெயர் சட்டத்தால் காக்கப்பட்டிருக்கிறது. பதிவு இல்லாதவர் அப்பெயரைச் சூடக் கூடாது. ஆயினும் இளநிலைப் பட்டமே அங்கே போதும். வைத்தியசாலைப் பயிற்சி பட்டப்படிப்புக்கு உள்ளேயே ஓர் அங்கமாக வைக்கப்பட்டிருக்கிறது. படிப்பை முடித்தவன் பயிற்சி தேடித் தெருவில் அலைய வேண்டியதில்லை. அந்நிய தேசங்களிடமிருந்து கற்பதில் நமக்கு வெட்கமில்லை; ஆனால் இரண்டு முறைகள் கண்ணெதிரே இருக்கும்போது, செலவு மிகுந்ததையே சிறந்தது என்று எண்ணும் புத்தி நமக்கு வேண்டாம்.

நம் சட்டம்

நம் தேசத்தில் 1963-இல் இந்திய உணவியற் சங்கம் தோன்றியது. உணவு ஆராய்ச்சியில் உலகப்புகழ் பெற்ற டாக்டர் சி. கோபாலன் அதன் முதல் தலைவர். பட்டத்தோடு வைத்தியசாலைப் பயிற்சியும் முடித்தவர்களுக்குச் சங்கமே பரீட்சை வைத்து, பதிவு பெற்ற நிபுணர் என்ற பெயரை வழங்கியது. பாராட்டத்தக்க காரியம். ஆனால் அது சங்கம் தானே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. சங்கத்தின் பக்கமே தலைகாட்டாதவரைத் தடுக்க அதற்கு அதிகாரம் இல்லை.

அந்த அதிகாரத்தை 2021-ஆம் ஆண்டில் பார்லிமெண்டு நிறைவேற்றிய தேசிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்கள் கமிஷன் சட்டம் உண்டாக்கியது. அதன் அட்டவணையில் உணவியல் நிபுணரும் இடம்பெற்றிருக்கிறார். டிப்ளமோவானாலும் பட்டமானாலும், துணைநிலைத் தொழிலாளர் எனப்படுவோர்க்குக் குறைந்தது 2000 மணி நேரம், சுகாதாரத் தொழிலாளர் எனப்படுவோர்க்குப் பட்டத்தோடு குறைந்தது 3600 மணி நேரம் என்று சட்டம் படிப்பின் அளவை வரையறுக்கிறது. பாடத்தின் தரத்தை விதிப்பது மத்திய கமிஷன். பதிவேட்டை வைத்திருப்பது மாநிலக் கவுன்சில்கள்.

சட்டம் இயற்றுவதில் காட்டிய வேகம் அதை நடத்துவதில் காணப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மாநிலங்கள் பல தங்கள் கவுன்சில்களை அமைக்காமல் காலங்கடத்தியதால், 2024-இல் சுப்ரீம் கோர்ட்டே கெடு வைத்து உத்தரவிட நேர்ந்தது. 2025-இல் பத்துத் தொழில்களுக்கான பொதுப் பாடத்திட்டங்களைச் சுகாதார மந்திரி இலாகா வெளியிட்டது. உணவியலும் அவற்றில் ஒன்று. அதே ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு மற்றொரு காரியம் செய்தது. இச்சட்டத்துக்கு உட்பட்ட சுகாதாரப் படிப்புகளை, உணவியல் உட்பட, தொலைதூர முறையிலும் இணைய முறையிலும் 2025 ஜூலை–ஆகஸ்டுப் பருவம் முதல் நடத்தக் கூடாது என்று விலக்கிவிட்டது.

இந்த விலக்கை நாம் ஆட்சேபிக்கவில்லை. நோயாளியின் படுக்கையருகே நிற்காமல், அவன் சாப்பிட்ட தட்டில் மீந்தது என்ன என்று கண்ணால் பாராமல், தபாலில் வந்த புத்தகத்தை மட்டும் படித்து ஒருவர் உணவியல் நிபுணர் ஆவது கூடாது. நீந்துவதைத் தபாலில் கற்க முடியாது, இதுவும் அப்படியே. ஆனால், தபால் வழியே படித்தவர்கள் யார் என்று அதிகாரிகள் ஒரு கணமேனும் எண்ணிப் பார்த்தார்களா? குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படித்த தாய்மார்கள். பகலில் வேலை செய்து இரவில் புத்தகம் திறந்தவர்கள். கலாசாலைப் பட்டணத்தில் விடுதி வாடகை கொடுக்கச் சக்தியற்ற கிராமத்துப் பெண்கள். அவர்களுக்கு இருந்த ஒரு வாயில் அடைக்கப்பட்டது. அடைத்தது சரி என்றால், வேறு வாயில் ஒன்றைத் திறக்கும் கடமையும் அடைத்தவர்களையே சாரும்.

பயிற்சிக் காலத்துச் சோறு யார் போடுவது?

சென்னிமலைப் பக்கத்தில் தறி நெய்யும் ஒருவரின் மகளை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். அரசு உதவியாலும் தாயின் வளையல்களாலும் அவள் கோயமுத்தூரில் மூன்று நான்கு ஆண்டு படித்து முடித்தாள். இனிப் பயிற்சி. பெரிய வைத்தியசாலை உள்ள பட்டணத்தில் பல மாதம் தங்க வேண்டும். விடுதிக்குப் பணம், பஸ்ஸுக்குப் பணம், சாப்பாட்டுக்குப் பணம். சம்பளம் இல்லை. பயிற்சி தருவதற்கே கட்டணம் கேட்கும் தனியார் வைத்தியசாலைகளும் உண்டு. காலை முதல் மாலை வரை வார்டு வார்டாக நடந்து நூறு நோயாளிகளுக்கு உணவுப் பட்டியல் எழுதுகிறவள், தன் மத்தியான உணவுக்கு என்ன செய்வது என்று யோசிக்கிறாள். இந்த முரண்பாட்டை எழுதும்போதே நமக்கு வெட்கமாயிருக்கிறது.

அவளோடு படித்த வேறொருத்திக்குத் தகப்பனார் பணம் அனுப்புகிறார், அவள் பயிற்சியை முடிக்கிறாள், பதிவேட்டில் ஏறுகிறாள். தறிக்காரர் மகள் பாதியில் ஊர் திரும்புகிறாள். படிப்பில் யார் மேல் என்று எவரும் கேட்கவில்லை. நிபந்தனை இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் ஒருத்திக்கு அது படிக்கட்டு, மற்றொருத்திக்கு மதில்.

வைத்தியப் பட்டத்தின் முடிவில் பயிற்சி டாக்டர்களாக வேலை செய்வோர்க்குச் சர்க்கார் மாதந்தோறும் உதவித்தொகை கொடுக்கிறது. அவர்கள் படிக்கிறார்கள், அதோடு வேலையும் செய்கிறார்கள் என்பதே அதற்கு நியாயம். அதே வார்டில், அதே நோயாளிக்காக, அதே நேரத்தில் நின்று வேலை செய்யும் உணவியல் மாணவிக்கு அந்த நியாயம் ஏன் பொருந்தாது? பெண்கள் மிகுதியாகப் படிக்கும் படிப்பு என்பதனால், அவர்கள் உழைப்பு வீட்டு வேலை போல் இலவசம் என்று நினைத்துவிட்டார்களா?

"பொக்கிஷத்தில் பணம் எங்கே?" என்று கேட்பார்கள். இது வழக்கமான கேள்வி. பணம் இல்லை என்பவர்கள் இரண்டில் ஒன்று செய்யலாம்: உதவித்தொகை கொடுக்கலாம், அல்லது அது கொடுக்கும் நாள் வரையில் சம்பளமில்லாத மணி நேரங்களைக் கட்டாயமாக்காமல் இருக்கலாம். கட்டாயம் சர்க்காருடையது, செலவு ஏழையினுடையது என்ற பங்கீடு மட்டும் கூடாது. நீரிழிவு முற்றிக் காலை இழந்தவனுக்கும், சிறுநீரகம் கெட்டு வாரம் மூன்று முறை இரத்தச் சுத்தி செய்துகொள்பவனுக்கும் பொக்கிஷம் ஏற்கெனவே செலவிட்டுக்கொண்டுதான் இருக்கிறது. நோய் முற்றுமுன் தட்டில் உள்ள சோற்றைத் திருத்த ஒரு பெண்ணை வைப்பது அந்தச் செலவில் எத்தனையோ பங்கை மிச்சமாக்கும்.

பயிற்சி எங்கே நடக்க வேண்டும்?

பணம் யாருடையது என்பதற்கு அடுத்தபடி முக்கியமானது, அந்த மணி நேரங்கள் எங்கே கழிய வேண்டும் என்பது. குளிரூட்டிய வைத்தியசாலையில் மட்டுமே கழிந்தால், நம் நிபுணர்கள் ஓட்ஸ் கஞ்சியும் ஆலிவ் எண்ணெயும் எழுதிக் கொடுக்கக் கற்பார்கள். ரேஷன் அரிசியில் உயிர் வாழ்பவனுக்கு அந்தச் சீட்டால் என்ன பயன்?

இது விஷயத்தில் தமிழ்நாட்டுக்குச் சொந்தமான சரித்திரம் ஒன்று உண்டு. 1918-இல் குன்னூரில் ராபர்ட் மக்காரிஸன் தொடங்கிய சிறு ஆராய்ச்சிக்கூடமே பின்னாளில் வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய உணவியல் ஸ்தாபனமாக விளங்குகிறது. குன்னூரில் மக்காரிஸன் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதி ஜனங்கள் உண்ணும் உணவுகளைத் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார். முழுக் கோதுமை, பால், வெண்ணெய், பருப்பு, கீரை கொண்ட சீக்கியர் உணவுண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியே பிரதானமான சென்னை ராஜதானி உணவுண்டவை கடைசியில் நின்றன. இதை வைத்துக்கொண்டு, ஒரு சாதியார் வீரர் என்றும் மற்றொரு சாதியார் சோம்பேறி என்றும் பேசியவர்கள் உண்டு. எலிக்குச் சாதி ஏது? பாலும் பருப்பும் வாங்க வழியில்லாத கூலிக்காரன் தட்டையே அந்த எலிகள் உண்டன. குறை ஜனங்களின் இரத்தத்தில் இல்லை. அவர்கள் தட்டில் இருந்தது.

அதே குன்னூர் ஆராய்ச்சி மற்றொன்றையும் விளக்கியது. ஆந்திரக் கடற்கரையில் மில்லில் தீட்டிய பச்சரிசி உண்டவர்களிடையே பெரிபெரி என்னும் நோய் பரவியிருந்தது. புழுங்கலரிசி உண்டவர்களிடையே அது அரிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டில் உள்ள தயமின் என்னும் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. நம் பாட்டிமார் நெல் அவித்ததில் எவ்வளவு ரக்ஷணை இருந்தது என்பதைச் சாஸ்திரம் நிரூபித்தது. 1935 முதல் 1945 வரை அங்கே தலைவராயிருந்த டாக்டர் அய்க்ராய்ட், 1937-இல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையைப் புத்தகமாக வெளியிட்டார். அந்நிய தேசத்து அட்டவணையை வைத்து இந்தியனுக்குப் பத்தியம் எழுத முடியாது என்பது அன்றே தெரிந்திருந்தது.

இதற்கு எதிர்ப்புறமான பாடம் ஒன்றும் சரித்திரத்தில் உண்டு. 1943-இல் வங்காளத்துப் பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்களுக்காக வகுத்த ஒரு கலவையை, 1945-இல் ஜெர்மனியின் பெல்ஸன் சிறைமுகாமிலிருந்து மீட்கப்பட்டவர்களுக்கு ஆங்கிலேய வைத்தியர்கள் கொடுத்தார்கள். சாஸ்திரப்படி அதில் சத்து இருந்தது. ஆனால் தித்திப்பு மிகுந்திருந்ததால் ஐரோப்பியர் பலர் நாக்கில் வைக்க முடியாமல் தள்ளிவிட்டார்கள். சாவின் வாயிலில் நிற்பவனுடைய நாக்கும் தன் ஊரை மறப்பதில்லை. உண்ணாத உணவில் எவ்வளவு சத்து இருந்தால் என்ன?

ஆகவே, நம் சர்வகலாசாலைகள் பட்டம் தருமுன் கேட்க வேண்டிய மணி நேரங்களில் ஒரு பங்கு வைத்தியசாலையில் கழியட்டும். மற்றொரு பங்கு அங்கன்வாடியிலும், பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்திலும், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கழிய வேண்டும். 1956-இல் காமராஜர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவு, 1982 ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவும் சேர்ந்தது. இவ்வளவு பெரிய சமையற்கூடங்களை ஊர்தோறும் வைத்திருக்கும் நாம், உணவியல் மாணவர்களைப் பட்டணத்து ஆஸ்பத்திரி வராந்தாவில் மட்டும் நிறுத்துவது என்ன புத்திசாலித்தனம்? ஐம்பது குழந்தைகளுக்கான பருப்பை அளந்து பார்த்தவளுக்கே, அந்தக் குழந்தையின் தாய்க்கு யோசனை சொல்லத் துணிவும் தகுதியும் உண்டாகும்.

இன்னொன்றும் சொல்வோம். இப்படிப்பு முழுவதும் ஆங்கிலத்தில் நடக்கிறது. நோயாளியோ தமிழில் பசிக்கிறான். "கார்போஹைட்ரேட்டைக் குறையுங்கள்" என்று சொன்னால், சோற்றைக் குறைத்துவிட்டு மரவள்ளிக்கிழங்கைத் தின்பவன் உண்டு; அவனைக் குறை சொல்வதற்கில்லை. நோயாளியின் பாஷையில், அவன் வீட்டுப் பாத்திரத்தின் அளவில், அவனுக்குக் கிட்டும் பண்டங்களைக் கொண்டு பத்தியம் விளக்கிக் காட்டுவது பட்டம் முடிக்கும் பரீட்சையில் ஒரு பகுதியாக வேண்டும். அதில் தேறாதவர், இரசாயனத்தில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும், இன்னும் ஆறு மாதம் கற்கட்டும்.

இதை நடத்த நமக்கு ஆள் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். தேசபக்தர் அவினாசிலிங்கம் செட்டியார் கோயமுத்தூரில் 1957-இல் பெண்களுக்கு மனையியற் கலாசாலை கண்டார். ராஜம்மாள் தேவதாஸ் அம்மையார் அதைச் சர்வகலாசாலை அந்தஸ்துக்கு உயர்த்தினார். ஊர்க் குழந்தைகளின் உணவையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டார். வழி காட்டியவர்கள் இருக்கிறார்கள், நடப்பதுதான் பாக்கி.

நாம் கேட்பது

முதலாவது, பயிற்சி மணி நேரம் பட்டப்படிப்புக்கு உள்ளேயே அமைய வேண்டும். அதற்கு இடம் தேடித் தருவது கலாசாலையின் பொறுப்பாக வேண்டும். பட்டத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் பயிற்சிக்கு நீயே வழி தேடு என்று தெருவில் விடக் கூடாது. இரண்டாவது, முழுநேரப் பயிற்சிக் காலத்துக்கு உதவித்தொகை வேண்டும். பயிற்சிக்குக் கட்டணம் வாங்குவதைத் தடை செய்ய வேண்டும். மூன்றாவது, பயிற்சியில் குறித்த ஒரு பங்கு கிராமத்திலும் அங்கன்வாடியிலும் சத்துணவுக் கூடத்திலும் நடக்க வேண்டும். இறுதிப் பரீட்சையில் நோயாளியின் பாஷையில் பேசிக் காட்டும் சோதனை வேண்டும். நான்காவது, மேற்பட்டம் ஆராய்ச்சிக்கும் போதிப்பதற்கும் தேவையாக இருக்கட்டும்; நோயாளிக்குப் பத்தியம் சொல்வதற்கு நன்கு பயிற்றப்பட்ட இளநிலைப் பட்டமே போதுமானதாக வைக்கப்பட வேண்டும். ஐந்தாவது, விலக்கு வருமுன் தபால் முறையில் பட்டம் பெற்றவர்களைக் குப்பையில் எறியாமல், விட்டுப்போன வைத்தியசாலைப் பயிற்சியைத் தங்கள் ஜில்லாவிலேயே முடித்துப் பரீட்சை எழுத அவர்களுக்குச் சில ஆண்டு அவகாசம் தர வேண்டும்.

இந்த ஐந்திலும் தரத்தைத் தாழ்த்தும் வார்த்தை ஒன்றும் இல்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். தரம் வேறு, விலை வேறு. விலையை ஏற்றினால் தரம் ஏறும் என்று நம்புவது கடைக்காரன் பேச்சு. நிபந்தனை கடுமையாகவே இருக்கட்டும். ஆனால் அந்தக் கடுமை அறிவையும் கைத்திறனையும் சோதிக்கட்டும், தகப்பனார் பணப்பையைச் சோதிக்க வேண்டாம்.

பொதுக்காரியத்தில் ஈடுபட்ட அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. பாடத்திட்டம், மணி நேரம், பதிவேடு என்பவை மேடையில் முழங்க ஏற்ற விஷயங்களாகத் தோன்றாமல் இருக்கலாம். கூட்டம் கைதட்டாது. ஆனால் விதிகள் எழுதப்படும் காலம் இதுவே. எழுதி முடிந்த விதியை மாற்றுவது, எழுதும் கையைத் திருத்துவதைவிடப் பத்து மடங்கு கஷ்டம். உங்கள் சட்டசபை அங்கத்தினரைக் கேளுங்கள்: நம் மாநிலக் கவுன்சிலில் கிராமத்து வைத்தியசாலையை அறிந்தவர் எத்தனை பேர்? உங்கள் ஜில்லா வைத்தியசாலைக்குச் சென்று கேளுங்கள்: இங்கே உணவியல் நிபுணர் எத்தனை பேர்? அவரிடம் பயிலும் மாணவிக்கு மாதம் என்ன தருகிறீர்கள்? பதில் கிடைக்கும் வரையில் கேட்டுக்கொண்டேயிருங்கள்.

பிறருக்கு அளந்து உணவு எழுதக் கற்கும் பெண், தான் பட்டினி கிடந்து கற்க வேண்டும் என்பது எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. அந்த அநியாயத்தை நிபந்தனை என்ற பெயரால் எழுதிவைக்க நாம் இடங்கொடுக்கலாகாது.